விளையாட்டும் குடும்ப வசதியும் (தமிழ்நாடு)

ஒருவர் எந்த ஆட்டத்தை ஆடுகிறார், எத்தனை காலம் ஆடுகிறார் என்பதில் குடும்ப வருமானத்துக்கும் சமூக நிலைக்கும் உள்ள பங்கு. தமிழ்நாட்டில் இதன் பதிவான வரலாற்றைச் சென்னைக் கிரிக்கெட்டிலிருந்து தொடங்கலாம்.

1846இல் தோன்றிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப் ஐரோப்பியருக்கானது. இங்கிலாந்திலோ, ஹென்லி படகுப் போட்டியை நடத்தியோர் 1879இல் கைவினைஞரும் கூலியாட்களும் 'அமெச்சூர்' (பணத்துக்காக ஆடாதவர்) ஆக முடியாது என்று விதியே எழுதினார்கள். சென்னையில் நிறம் செய்த வேலையை அங்கே தொழில் செய்தது. 1888இல் புச்சி பாபு நாயுடு இந்தியர்களுக்காக மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை நிறுவினார். துபாஷ் (ஐரோப்பியருக்கான மொழிபெயர்ப்பாளர், தரகர்) குடும்பத்துச் செல்வந்தரான அவர், ஆட்டச் சாமான்களுக்குத் தம் பணத்தையே செலவழித்தார். அந்தப் பணம் இல்லாமல் அந்தக் கிளப் இல்லை.

கிராமங்களில் கபடி நிலைத்ததற்கு ஒரு எளிய காரணம், அதற்கு மண்தரை போதும். கிரிக்கெட் டென்னிஸ் பந்தின் வழியாக ஊருக்குள் வந்தது. பேடும் கையுறையும் தேவைப்படவில்லை. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த தங்கராசு நடராஜன் இருபது வயதுவரை அந்தப் பந்தில்தான் வீசினார். தந்தை தறித் தொழிலாளி. தாய் சாலையோரத்தில் கடை நடத்தியவர். 2017 ஐபிஎல் ஏலத்தில் அவருக்கு 3 கோடி ரூபாய் கிடைத்தது. 2020-21 ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பின்னர் தன் ஊரிலேயே மைதானம் அமைத்தார். இத்தகைய கதைகள் அபூர்வம் என்பதால்தான் செய்தியாகின்றன.

பந்தைவிட விலை கூடியது நேரம். பள்ளி விட்டதும் வேலைக்குப் போகும் பையனுக்கும் தண்ணீர்க் குடம் தூக்கும் பெண்ணுக்கும் மாலைப் பயிற்சி எட்டாது. மாநில அரசின் விளையாட்டு விடுதிகள் சோறும் இடமும் தருவது இதற்காகவே. 2024இல் தொடங்கிய கலைஞர் விளையாட்டு உபகரணத் திட்டம் ஊராட்சிதோறும் மட்டையும் பந்தும் கொடுத்தது. எடுத்துக்காட்டாக, 860 ஊராட்சிகள் கொண்ட திருவண்ணாமலை மாவட்டத்துக்கு அது சிறிய காரியமல்ல. ஆனால் உபகரண மூட்டையோடு மாலை நேரம் வந்து சேராது.

வேளாண்மையை நம்பிய திருவண்ணாமலை மாவட்டத்தில் ஓட்டம் பலருக்கு வேலைக்கான தேர்வு. காவலர் உடற்தகுதித் தேர்வில் ஆண்கள் 1,500 மீட்டரை 7 நிமிடத்தில் கடக்க வேண்டும். அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. கபடிச் சான்றிதழை வீட்டில் பத்திரப்படுத்துவது அதனால்தான். மலையைச் சுற்றும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் ரத்தச் சர்க்கரை குறைய நடப்பவர்கள் அறுபதிலும் நடக்கிறார்கள். ஆனால் வேலைக்காக ஓடுபவருக்கு வயது வரம்பு உண்டு.