ஆறு நாள் இடைவெளியில் நாடு மாறிய குழந்தைகள்

2005 பிப்ரவரி 23. சுவீடன்ல ஒரு நகராட்சியின் குடும்ப நலக் குழு ஒரு உத்தரவு போடுது: இந்த ரெண்டு குழந்தைகளையும் உடனே அரசுப் பொறுப்பில் எடுத்து, ஒரு வளர்ப்புக் குடும்பத்தில் விடணும். ஆறே நாள்ல, மார்ச் 1 அன்று, குழந்தைகள் அம்மாவோட பின்லாந்துக்குக் குடிபோயிடறாங்க. மார்ச் 3-ல சுவீடன் கோர்ட் உத்தரவை உறுதி செய்யுது. போலீஸ் பின்லாந்து போலீஸ்கிட்ட உதவி கேக்குது, அங்கேயும் குழந்தைகளை ஒப்படைக்க முடிவாகுது. அம்மா அப்பீல் போறாங்க.

இப்ப குழந்தைகள் பின்லாந்துல. முடிவெடுக்கிற அதிகாரம் யாருக்கு? ஐரோப்பிய ஒன்றியத்துல அப்ப இதுக்கு ஒரு சட்டம் இருந்துச்சு: வழக்கு தொடங்கின நேரத்துல குழந்தை வழக்கமா எங்க வாழ்ந்ததோ, அந்த நாட்டுக் கோர்ட். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்த நாளும் அதே 2005 மார்ச் 1! டேட்டாபேஸ்ல இப்படி ஒரு டைம்ஸ்டாம்ப் வந்திருந்தா 'பக்'னுதான் நினைச்சிருப்பேன்.

ஆனா அந்தச் சட்டம் 'சிவில்' விவகாரங்களுக்கு மட்டும். அரசே குழந்தையை எடுத்துக்கிறது சிவிலா? பின்லாந்தின் உச்ச நிர்வாக நீதிமன்றம் இதைத்தான் ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு அனுப்புச்சு.

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய கதை உண்டு, அதிலயும் சுவீடன்தான். தாயை இழந்து சுவீடன்ல வாழ்ந்த ஒரு டச்சுச் சிறுமியை அந்நாட்டு அரசு தன் பாதுகாப்பில் எடுத்தது. 1902-ம் ஆண்டு உடன்படிக்கைப்படி காப்பாளரை முடிவு செய்யும் உரிமை சிறுமி எந்த நாட்டுக் குடிமகளோ அந்த நாட்டுக்குத்தான்னு நெதர்லாந்து சர்வதேச நீதிமன்றம் வரை போச்சு. 1958 நவம்பர் 28-ல, 12-க்கு 4 என்ற கணக்கில் சுவீடன் ஜெயிச்சது. உடன்படிக்கை பேசுவது காப்பாளர் பத்தி. குழந்தைப் பாதுகாப்புச் சட்டமோ சமூகத்தின் நலனுக்கானது, ரெண்டும் வேற வேறன்னு பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னாங்க.

அந்தப் பிரிப்பு எனக்கு ஒட்டவே இல்ல. குழந்தை யார்கூட தூங்கி எழணும்ங்கிறதுதானே ரெண்டிலும் கேள்வி?

2007 நவம்பர் 27 தீர்ப்புல ஐரோப்பிய நீதிமன்றம் வேற வழியில் போச்சு. உத்தரவு பொதுச் சட்டத்தின் கீழ் வந்திருந்தாலும், குழந்தையை எடுத்து வேறு குடும்பத்தில் விடறது 'சிவில்' விவகாரம்தான்னு சொல்லிடுச்சு. இல்லைன்னா இந்த மாதிரி உத்தரவுகளுக்கு சில நாட்டுல இந்தச் சட்டம் பொருந்தும், சில நாட்டுல பொருந்தாது. நோர்டிக் நாடுகள் தங்களுக்குள் வச்சிருந்த தனி விதிகளுக்கும் இதுல இடமில்லைன்னு சேர்த்துச் சொன்னது. அம்மா கிளம்பின நாள்ல இதெல்லாம் யாருக்கும் தெரியாது.