குறுக்கெழுத்துப் புதிர்களில் குறும்பெயர்ப் பறவைகள்

ஆங்கிலக் குறுக்கெழுத்துப் புதிர்களில், குறிப்பாக அமெரிக்க நாளிதழ்களில் வரும் புதிர்களில், மூன்று அல்லது நான்கு எழுத்துகளாலான சில பறவைப் பெயர்கள் திரும்பத் திரும்ப இடம்பெறுகின்றன. ஈமு, மோவா, கியா, நேனே, எர்ன், ஆக், ஆனி, ரியா ஆகியவை அவற்றுள் சில. புதிரை நிரப்புவோரில் பெரும்பாலோர் இவற்றில் பலவற்றை நேரில் கண்டதில்லை. மோவாவை இனி எவராலும் காண முடியாது. அன்றாடப் பேச்சில் வராத இப்பெயர்கள் புதிர்களில் நிலைபெற்றதற்குக் கட்டத்தின் அமைப்பே காரணம். அதே பெயர்களுக்குரிய பறவைகளில் பல அழிந்ததற்கும் அழிவின் விளிம்பைத் தொட்டதற்கும் காரணம் வேறு. ஆனால் இரண்டு காரணங்களையும் தேடிச் சென்றால், பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் தீவுகளிலேயே போய் நிற்க வேண்டியிருக்கிறது.

முதல் புதிரும் புறாவும்

இன்றைய குறுக்கெழுத்துப் புதிரின் முன்னோடி 1913 டிசம்பர் 21 அன்று ‘நியூயார்க் வேர்ல்ட்’ நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவந்தது. அதை அமைத்தவர் இங்கிலாந்தின் லிவர்பூலில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஆர்தர் வின் என்ற இதழாளர். வைர வடிவில் இருந்த அப்புதிருக்கு அவர் இட்ட பெயர் ‘வேர்ட்-கிராஸ்’. சில வாரங்களில் அச்சில் சொற்கள் முன்பின்னாக மாறி ‘கிராஸ்-வேர்ட்’ ஆயின. அந்தப் பெயரே நிலைத்தது.

பறவைகள் அந்த முதல் புதிரிலேயே வந்துவிட்டன. புறாவைக் குறிக்கும் ‘டவ்’ என்ற நான்கெழுத்துச் சொல் அதில் இரண்டு முறை விடையாக அமைந்தது. ஓரிடத்தில் குறிப்பு ‘ஒரு பறவை’ என்று பொதுவாகவும் மற்றோரிடத்தில் ‘புறா’ என்று நேராகவும் இருந்தது. ஒரே சொல்லை ஒரு புதிரில் இருமுறை பயன்படுத்துவதை இன்றைய பதிப்பாசிரியர் எவரும் ஏற்கமாட்டார். வேட்டைப் பறவையின் கால்நகத்தைக் குறிக்கும், அப்போதே வழக்கிழந்திருந்த ‘சியர்’ என்ற சொல்லும் அதில் உண்டு. எழுத்துகள் பொருந்தவில்லை என்றால் அகராதியின் மூலையிலிருந்து ஒரு சொல்லை இழுத்து வரும் பழக்கம் இந்தக் கலையுடன் கூடவே பிறந்தது எனலாம்.

1924-இல் சைமன் அண்டு ஷூஸ்டர் நிறுவனம் முதல் குறுக்கெழுத்துப் புத்தகத்தைப் பென்சிலுடன் சேர்த்து வெளியிட்டது. அமெரிக்கா முழுவதும் புதிர் மோகம் பரவியது. நூலகங்களில் அகராதிக்கும் கலைக்களஞ்சியத்துக்கும் போட்டி ஏற்பட்டது. ‘நியூயார்க் டைம்ஸ்’ அதே ஆண்டில் இந்த மோகத்தை வீண்வேலை என்று தலையங்கத்தில் சாடியது. பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்து இரண்டு மாதங்கள் ஆன நிலையில், 1942 பிப்ரவரி 15 அன்று, அந்நாளிதழும் தன் முதல் புதிரை வெளியிட்டது.

கட்டத்தின் தேவை

அமெரிக்கப் புதிரின் வழக்கமான கட்டம் 15-க்கு 15, அதாவது 225 சதுரங்கள் கொண்டது. கறுப்புச் சதுரங்கள் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது. எந்த விடையும் மூன்று எழுத்துக்குக் குறையக்கூடாது. இவை எல்லாவற்றையும் விடக் கடுமையான விதி ஒன்று உண்டு. ஒவ்வோர் எழுத்தும் இடமிருந்து வலமாக ஒரு சொல்லிலும் மேலிருந்து கீழாக வேறொரு சொல்லிலும் பொருந்தியாக வேண்டும். பிரிட்டிஷ் புதிர்களில் இக்கட்டாயம் இல்லை. அங்கே ஏறத்தாழ பாதி எழுத்துகள் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டுமே உரியவை. எனவே பிரிட்டிஷ் புதிரமைப்பாளருக்குக் குறும்பெயர்ப் பறவைகளின் உதவி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை.

அமெரிக்கப் புதிரில் நீண்ட சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்படும்போது, அவற்றைக் குறுக்கே தைப்பதற்கு உயிரெழுத்து நிறைந்த சிறு சொற்கள் வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் மெய்யெழுத்தும் உயிரெழுத்தும் மாறி மாறி வரும் மூன்றெழுத்துச் சொற்கள் உண்டு என்றாலும், உயிரில் தொடங்கி உயிரிலேயே முடியும் பெயர்ச்சொற்கள் குறைவு. ஈமு அத்தகைய சொல்: ஈ, எம், யூ. எர்ன் என்பதும் அப்படியே: ஈ, ஆர், என், ஈ. நான்கும் ஆங்கிலத்தில் மிகுதியாகப் பயன்படும் எழுத்துகள். இவ்வாறு பேச்சில் இல்லாமல் புதிரில் மட்டும் உலவும் சொற்களின் தொகுதியைப் புதிர் ஆர்வலர்கள் ‘கிராஸ்வேர்டீஸ்’ என்று கேலியாக அழைப்பர்.

தமிழ்ப் புதிரில் இந்த நெருக்கடி எழுவதில்லை. அங்கே ஒரு சதுரத்துக்கு ஓர் உயிர்மெய். ‘மயில்’ மூன்று சதுரம், ‘கிளி’ இரண்டு சதுரம். தனி உயிரெழுத்து சொல்லின் முதலில் மட்டுமே வருமாதலால், ‘ஆந்தை’யின் முதல் சதுரத்தில் குறுக்கிடும் மற்றச் சொல்லும் ‘ஆ’வில் தொடங்க வேண்டும். தமிழ்ப் புதிரமைப்பாளரின் சிக்கல் உயிர்மெய்களைப் பொருத்துவது. உயிரெழுத்துக்காகத் தொலைதூரத் தீவுகளில் பறவை தேட வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

தீவுகளின் பெயர்கள்

ஹவாய், நியூசிலாந்து ஆகிய நிலப்பகுதிகளின் பூர்வீக மொழிகள் பாலினீசிய மொழிக்குடும்பத்தைச் சேர்ந்தவை. அம்மொழிகளில் ஒவ்வோர் அசையும் உயிரொலியில் முடியும். ஹவாய் மொழியை எழுதப் பதின்மூன்று எழுத்துகளே போதும். அவற்றில் ஐந்து உயிரெழுத்துகள். அங்கு மட்டுமே வாழ்ந்த பறவைகளுக்கு ஐரோப்பிய மொழிகளில் பெயர் இல்லாததால், உள்ளூர்ப் பெயர்கள் பல அப்படியே ஆங்கில அகராதிக்குள் நுழைந்தன. புதிரமைப்பாளர்களுக்கு அது பெரும் வாய்ப்பாயிற்று.

அதே தீவுகளில் மனிதர் வருமுன் எலியோ பூனையோ கீரியோ கிடையாது. பறவைகள் அச்சமின்றித் தரையில் கூடு கட்டின. சில பறக்கும் திறனையே இழந்தன. எனவே கப்பல்கள் வந்தபோது முதலில் மடிந்தவையும் அவைதாம்.

மோவா இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டு. நியூசிலாந்தில் ஒன்பது வகை மோவாக்கள் வாழ்ந்தன. பெரிய வகையின் பெண்பறவை கழுத்தை நிமிர்த்தினால் மூன்று மீட்டருக்கு மேல் உயரம். எடை 200 கிலோவைத் தாண்டும். சிறகெலும்புகூட இல்லாத பறவை அது. மாவோரி மக்களின் முன்னோர் சுமார் 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்து குடியேறிய பின், இரண்டு நூற்றாண்டுகளுக்குள் அத்தனை வகைகளும் வேட்டையில் அழிந்தன. 1839-இல் லண்டனில் ரிச்சர்டு ஓவன் என்ற உடற்கூற்றியல் அறிஞர், சுமார் 15 சென்டிமீட்டர் நீளமுள்ள உடைந்த தொடையெலும்பு ஒன்றை வைத்துக்கொண்டு, நியூசிலாந்தில் நெருப்புக்கோழியை ஒத்த பெரும்பறவை இருந்திருக்க வேண்டும் என்று அறிவித்தார். பின்னர் கிடைத்த எலும்புகள் அவர் கூற்றை உறுதிசெய்தன. பல பாலினீசிய மொழிகளில் ‘மோவா’ என்ற சொல்லுக்குப் பொருள் வெறும் கோழி. ‘அழிந்த பறவை, மூன்றெழுத்து’ என்ற குறிப்பைக் கண்டதும் பென்சில் தானாக இச்சொல்லை எழுதும்.

கியா நியூசிலாந்தின் தென்தீவு மலைகளில் வாழும் கிளி. பனிமலையில் வாழும் கிளி என்பதே வியப்பானது. அது ஆடுகளின் முதுகைக் கொத்துவதாக மேய்ப்பர்கள் முறையிட்டதால், 19-ஆம் நூற்றாண்டில் அதைக் கொல்வோருக்குப் பரிசுப்பணம் வழங்கும் வழக்கம் தொடங்கி நூறாண்டுக் காலம் நீடித்தது. கொல்லப்பட்டவை ஏறத்தாழ 1,50,000 எனக் கணக்கிடப்படுகிறது. 1986-இல்தான் முழுச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அக்காலத்தின் பிற்பகுதியில் அமெரிக்கப் புதிர்களில் கியா பழகிய விடையாகவே இருந்தது.

நேனே

ஹவாயின் காட்டு வாத்தான நேனேயின் பெயர் அதன் மெல்லிய குரலிலிருந்து வந்தது. எரிமலைக் குழம்பு இறுகிய பாறைகளில் நடப்பதற்கேற்ப அதன் கால் விரலிடைச் சவ்வு குறுகியிருக்கும். கரும்புத் தோட்டங்களில் எலிகளை ஒழிப்பதற்காக 1883-இல் ஹவாய்க்குக் கீரிகள் கொண்டுவரப்பட்டன. அவற்றின் முன்னோர் இந்தியாவிலிருந்து ஜமைக்காவுக்குப் போனவை. எலி இரவில் திரியும், கீரி பகலில் திரியும். ஆகவே கீரிக்கு எளிதில் அகப்பட்டவை தரையில் இருந்த முட்டைகளும் குஞ்சுகளும். வேட்டையும் சேர்ந்துகொள்ள, 1950-ஐ ஒட்டி உலகில் எஞ்சியிருந்த நேனேக்கள் சுமார் 30 மட்டுமே.

1950-இல் இரண்டு பறவைகள் இணையாக இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் பீட்டர் ஸ்காட் நடத்திய நீர்ப்பறவைக் காப்பகத்துக்கு அனுப்பப்பட்டன. கொஞ்ச நாளில் இரண்டும் முட்டையிட்டன; இரண்டும் பெண்பறவைகள்! அவசரமாக ஓர் ஆண்பறவை விமானத்தில் வரவழைக்கப்பட்டது. அங்கு பெருகிய குஞ்சுகளில் சில 1962-இல் ஹவாயின் மாவி தீவில் ஹலேயாகலா மலையில் விடப்பட்டன. ஹவாயிலேயே நடந்த இனப்பெருக்க முயற்சிகளும் பலன் தந்தன. இப்போது எண்ணிக்கை மூவாயிரத்தைத் தாண்டியிருக்கிறது. 2019 இறுதியில் அமெரிக்க அரசு நேனேயை அருகிவரும் இனங்களின் பட்டியலில் ஒரு படி கீழான நிலைக்கு மாற்றியது. 1957 முதல் அது ஹவாயின் மாநிலப் பறவையாக இருப்பதால், ‘ஹவாயின் மாநிலப் பறவை’ என்பதே இன்று அச்சொல்லுக்கு வழக்கமான குறிப்பு. இரண்டே எழுத்துகள் இருமுறை வரும் இச்சொல் புதிரமைப்பாளருக்கு எவ்வளவு வசதியோ, அந்தப் பறவை பிழைத்தது அவ்வளவு அரிது.

எர்ன்

தீவுப் பெயர்களைச் சேராத எர்ன் என்பது வெண்வால் கடற்கழுகுக்குரிய பழைய ஆங்கிலப் பெயர். பழ ஆங்கிலத்தில் கழுகு என்ற பொருள்பட வழங்கிய சொல்லிலிருந்து வந்தது. பிரிட்டனில் ஆட்டுக்குட்டிகளைத் தூக்கிச் செல்கிறது என்ற குற்றச்சாட்டில் சுட்டும் நஞ்சிட்டும் அழிக்கப்பட்டது. முட்டை சேகரிப்போரும் எஞ்சியவற்றை விட்டுவைக்கவில்லை. 1916-இல் ஸ்கை தீவில் கடைசியாகக் கூடு கட்டியது. 1918 வாக்கில் ஷெட்லாந்தில் கடைசிப் பறவையும் சுடப்பட்டது.

ஆர்தர் வின் தன் முதல் புதிரை அமைத்த ஆண்டில் அவருடைய தாய்நாட்டில் எர்ன் ஒன்றிரண்டுதான் இருந்திருக்கும். பின்னர் அரைநூற்றாண்டுக்கும் மேலாகப் பிரிட்டனின் வானில் கூடு கட்டிவாழும் எர்ன் இல்லை. சாதாரண ஆங்கிலேயர் பேச்சிலும் அச்சொல் இல்லை. அட்லாண்டிக்குக்கு மறுகரையில், காலை உணவு மேசைகளில், அது மட்டும் தவறாமல் எழுதப்பட்டு வந்தது. 1975 முதல் 1985 வரை நார்வேயிலிருந்து 82 இளம்பறவைகள் ஸ்காட்லாந்தின் ரம் தீவுக்குக் கொண்டுவரப்பட்டு விடுவிக்கப்பட்டன. 1985-இல் மல் தீவில் முதல் குஞ்சு காட்டிலேயே பொரித்து வளர்ந்தது. இப்போது ஸ்காட்லாந்து மக்கள் அதைப் பெரும்பாலும் கடற்கழுகு என்றே அழைக்கின்றனர். பறவை திரும்பி வந்தது. பெயர் புதிரிலேயே தங்கிவிட்டது.

ஈமுவும் பிறவும்

ஈமுவின் பெயர் ஆஸ்திரேலிய மொழிகளுக்கு உரியதன்று. போர்ச்சுகீசிய மாலுமிகள் வேறு பெரும்பறவைகளுக்கு வழங்கிய பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. மற்றப் புதிர்ப் பறவைகளுக்கு நேர்ந்த கதி இதற்கு நேரவில்லை. 1932-இல் மேற்கு ஆஸ்திரேலியாவில் கோதுமை வயல்களை நாசம் செய்த ஈமுக்கள் மீது இராணுவம் இரண்டு லூயிஸ் இயந்திரத் துப்பாக்கிகளுடன் அனுப்பப்பட்டது. பறவைகள் சிறு கூட்டங்களாகச் சிதறி ஓடியதால் அந்த நடவடிக்கை நகைப்புக்கிடமாக முடிந்தது. தமிழ்நாட்டில் இப்பறவை ‘ஈமு கோழி’ என்ற பெயரில், 2012-இல் கொங்குப் பகுதியில் முறிந்துபோன பண்ணை முதலீட்டுத் திட்டங்களின் வழியாகப் பலருக்குக் கசப்பான நினைவாக உள்ளது.

ஆக் இனத்தில் பறக்க இயலாத பெரிய ஆக், ஐஸ்லாந்தையொட்டிய எல்டே பாறைத்தீவில் 1844 ஜூனில் கொல்லப்பட்ட இணையோடு முடிந்தது. அதன் சிறிய உறவினங்கள் வடகடல்களில் இன்றும் உள்ளன. ஆனி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதிகளில் வாழும் கரிய குயிலினப் பறவை. ரியா தென்னமெரிக்காவில் நெருப்புக்கோழி போன்று ஓடும் பறவை. ஆலாவைக் குறிக்கும் ‘டெர்ன்’ என்ற சொல்லும் புதிர்களில் அடிக்கடி வருவதே.

பிற்காலம்

நியூயார்க் டைம்ஸ் புதிரின் முதல் பதிப்பாசிரியரான மார்கரெட் ஃபாரர் 1969 வரை அப்பொறுப்பில் இருந்தார். கட்டத்தின் விதிகளை ஒழுங்குபடுத்தியதில் அவர் பங்கு பெரிது. 1993-இல் பொறுப்பேற்ற வில் ஷார்ட்ஸ் காலத்தில் அரிய அகராதிச் சொற்களை விட வாழும் மொழிக்கு முன்னுரிமை தரப்பட்டது. கணினியின் துணையால் மாற்றுச் சொற்களைத் தேடுவதும் எளிதாயிற்று. எர்ன் அரிதாகிவிட்டது. ஈமுவும் நேனேயும் குறையவில்லை.

ஓஓ என்ற ஹவாய்ப் பறவையின் கதை இவ்வரிசையில் தலைகீழானது. கறுப்பு உடலில் மஞ்சள் இறகுக்கொத்து கொண்ட தேன் பருகும் பறவை அது. அந்த இறகுகள் ஹவாய்த் தலைவர்களின் மேலாடைகளுக்குச் சேர்க்கப்பட்டன. அதன் பெயர் ஆங்கிலத்தில் இரண்டே எழுத்து. தொடக்கக் காலப் புதிர்களில் இரண்டெழுத்து விடைகளுக்கு இடமிருந்தது. மூன்றெழுத்து விதி உறுதிப்பட்டதும் அக்கதவு மூடிற்று. கப்பல்களில் வந்த கொசுக்கள் பரப்பிய பறவை மலேரியாவும் காடழிப்பும் நான்கு வகை ஓஓக்களையும் ஒவ்வொன்றாக ஒழித்தன. எஞ்சியது கவாயி தீவின் அலகாயி சதுப்புக்காட்டில் வாழ்ந்த வகை மட்டும். 1982-இல் வீசிய ஐவா புயலுக்குப் பிறகு அதன் பெண்பறவையைக் காணவில்லை. தனித்திருந்த ஆணின் குரல் கடைசியாக 1987-இல் கேட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்க அரசு அதை அழிந்த இனமாக அறிவித்து, பாதுகாக்கப்பட்ட உயிரினங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது.