விரல் நுனி போன கிடார்காரர்

பேரப்பிள்ளைகள் காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தலையை ஆட்டுவதைப் பார்த்து, "இதெல்லாம் ஒரு பாட்டா? தகரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு" என்று சொல்லாத தாத்தா பாட்டிகள் நம் கள்ளக்குறிச்சிப் பக்கம் குறைவு. அந்த இசைக்குப் பெயரே 'ஹெவி மெட்டல்'. தகரம் என்று நாம் சொன்னதிலும் பெரிய தப்பில்லை. அந்த இசைக்கு வித்திட்ட மனிதர் இங்கிலாந்தில் ஒரு தகடு பட்டறைத் தொழிலாளி. பெயர் டோனி அயோமி.

1948 பிப்ரவரி 19 அன்று பர்மிங்காமில் பிறந்தவர். ஜேம்ஸ் வாட்டின் நீராவி எஞ்சின்கள் உருவான ஊர் அது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் குண்டு போட்டுத் தள்ளிய ஊரும்கூட. அயோமியின் குடும்பம் இத்தாலியிலிருந்து வந்தது. அந்த வீட்டில் அக்கார்டியன் வாசிக்கத் தெரிந்தவர்கள் உண்டு. பையனுக்கோ டிரம் மேல்தான் ஆசை. வீட்டில் அந்தச் சத்தத்தை யார் தாங்குவது? கையில் அக்கார்டியனைக் கொடுத்துவிட்டார்கள். பின்னர் 'தி ஷாடோஸ்' குழுவின் ஹாங்க் மார்வின் வாசிப்பைக் கேட்டுத்தான் கிடாருக்கு வந்தார். ஷாடோஸ் பாடகர் இல்லாமல் வெறும் கிடாரிலேயே மெட்டுப் போட்டவர்கள். 1960இல் வந்த 'அபாச்சி' என்ற அவர்களுடைய இசைத்தட்டு இங்கிலாந்துப் பையன்களைப் பைத்தியமாக்கியது.

அயோமி இடது கைக்காரர். ஆகவே இடது கையால் மீட்டுவார், வலது கை விரல்களால் தந்தியை அழுத்துவார். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினேழு வயதில் பட்டறையில் வெல்டிங் வேலை. ஓர் இசைக்குழு அவரை ஜெர்மனிக்கு அழைத்தது, வேலையை விட்டுவிட்டார். கடைசி நாள், மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர், "இனிமேல் போகவில்லை" என்று சொல்லியிருக்கிறார். அம்மா விடவில்லை. எடுத்த வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். அவருக்குத் தகட்டை அழுத்திக் கொடுக்கும் பிரஸ் ஆள் அன்று வரவில்லை. பழக்கமில்லாத அந்த இயந்திரத்தில் இவரையே நிறுத்தினார்கள். பிரஸ் இறங்கியது. வெடுக்கென்று கையை இழுத்தார். வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் அங்கேயே நின்றுவிட்டன.

நம் ஊரில் கரும்பு பிழியும் இயந்திரத்திலும் நெல் மில் பெல்ட்டிலும் விரலைக் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறோம். அதற்குப் பிறகு அவர்கள் வாழ்க்கை எப்படிப் போனது என்பதும் நமக்குத் தெரியும். அயோமிக்கும் மருத்துவர்கள் இனி கிடார் முடியாது என்றுதான் சொன்னார்கள்.

வீட்டில் சோர்ந்து உட்கார்ந்திருந்தவரைப் பார்க்கப் பட்டறை மேலாளர் ஓர் இசைத்தட்டோடு வந்தார். கேட்கச் சொன்னார். பையனுக்கு எரிச்சல், இப்போது போய்ப் பாட்டா என்று. கேட்ட பிறகுதான் மேலாளர் விஷயத்தைச் சொன்னார்: வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், இரண்டே விரலால் வாசிக்கிறார். ஜாங்கோ 1910இல் பெல்ஜியத்தில் பிறந்த ஜிப்சி. 1928இல் அவர் குடியிருந்த வண்டி தீப்பற்றி எரிந்ததில் இடது கையின் கடைசி இரு விரல்கள் சுருங்கிப்போயின. மிச்சமிருந்த விரல்களோடு 1934இல் பாரீசில் வயலின்காரர் ஸ்டீபன் கிராப்பெல்லியுடன் சேர்ந்து தொடங்கிய குழு ஐரோப்பிய ஜாஸ் வரலாற்றில் இடம்பிடித்தது. அந்த மேலாளரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? என்னைக் கேட்டால், இந்தக் கதையில் ஹாங்க் மார்வினைவிட அவர் பங்கு பெரிது.

அயோமி தானே வைத்தியம் பார்த்துக்கொண்டார். பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டையாக்கி, சூட்டுக்கோலால் துளையிட்டு, உப்புத்தாளால் தேய்த்து, விரலுக்குத் தொப்பி செய்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய ஜாக்கெட்டின் தோலை வெட்டி மேலே ஒட்டினார். இருந்தாலும் கனத்த தந்திகளை அழுத்தினால் வலி. மெல்லிய கிடார் தந்தி அன்று கடையில் கிடையாது. பாஞ்சோவின் தந்தியை வாங்கிக் கட்டினார். பிறகு தந்திகளைத் தளர்த்தி, சுருதியைக் கீழே இறக்கவும் தொடங்கினார். 1971இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' இசைத்தட்டின் பல பாடல்களில் சுருதி மூன்று அரை ஸ்வரம் இறங்கியிருக்கும்.

தந்தி தளர்ந்தால் ஒலி கனக்கும். நம் நாகஸ்வரத்திலும் இந்தக் கணக்கு உண்டு. உச்ச சுருதித் திமிரிக்குப் பதிலாக, சுருதி தாழ்ந்த நீளமான பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தியவர் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவர் நாதத்துக்காக இறக்கினார். அயோமி வலிக்காக இறக்கினார்.

இன்னொன்று. ஐந்தாறு தந்திகளைச் சேர்த்து அழுத்தும் முழு 'கார்டு' அந்த விரல்களுக்குக் கஷ்டம். அதனால் சட்ஜமம், பஞ்சமம் இரண்டை மட்டும் சேர்த்துப் பிடித்து, ஒலிபெருக்கியை முழுதாகத் திருப்பி, ஒலி கரகரவென்று உடையும்படி வாசித்தார். நம் தம்புராவில் ஓடுவதும் இதே ச‑பதானே. கண்ணை மூடிக் கேட்டால் அந்தக் கரகரப்புக்குள் ஒரு தம்புரா கேட்கும். நம்பாதவர்கள் ஒருமுறை முயலலாம்.

குழு சேர்ந்தது 1968இல். டிரம் பில் வார்டு ஏற்கெனவே உடன் வாசித்தவர். இசைக்கருவிக் கடையில், பாடகர் ஒருவர் வேலை தேடுகிறார், சொந்தமாக மைக்செட் வைத்திருக்கிறார் என்று ஒரு துண்டு விளம்பரம். போய்ப் பார்த்தால் பள்ளியில் ஒரு வகுப்பு கீழே படித்த ஓஸி ஆஸ்பர்ன். இறைச்சிக்கூடத்திலும் வேலை பார்த்த ஆள். அவருடன் கீஸர் பட்லர், கணக்கர் வேலை பழகியவர். அவர் பேஸ் கிடாருக்கு மாறினார். குழுவுக்கு 'எர்த்' என்று பெயர்.

அதே ஆண்டு டிசம்பரில் 'ஜெத்ரோ டல்' என்ற பெயர் பெற்ற குழு அயோமியை அழைத்துக்கொண்டது. சில வாரம்தான், ரோலிங் ஸ்டோன்ஸ் நடத்திய தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றில் அவர்களோடு நின்றார், திரும்பிவிட்டார். ஆனால் அங்கே காலையிலேயே ஒத்திகைக்கு உட்காரும் ஒழுங்கைப் பார்த்து வந்தார். நண்பர்களையும் அப்படியே எழுப்பி உட்கார வைத்தார். விரலைவிட இதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன்.

ஒத்திகை இடத்துக்கு எதிரே இருந்த தியேட்டரில் 'பிளாக் சாபத்' என்ற பேய்ப்படம். பயப்படுவதற்குக் காசு கொடுத்து வரிசையில் நிற்கிறார்களே, நாம் ஏன் பயமுறுத்தும் பாட்டுப் போடக்கூடாது என்று தோன்றியது. 1969இல் படத்தின் பெயரே குழுவின் பெயரானது. பட்லர், ஹோல்ஸ்ட் என்ற ஆங்கில இசையமைப்பாளரின் 'செவ்வாய்' என்ற படைப்பை வாசித்துக்கொண்டிருந்தார். அதைக் கேட்ட அயோமி மூன்று ஸ்வரம் போட்டார்: கீழ் ச, மேல் ச, அங்கிருந்து இறங்கிப் பிரதி மத்யமம். இந்த ச‑ம இடைவெளிக்கு ஐரோப்பிய இசை ஆசிரியர்கள் 'இசையின் பிசாசு' என்று பட்டம் வைத்திருந்தார்கள். (சர்ச் தடை போட்டது என்பதெல்லாம் கட்டுக்கதை.) நமக்கு அதே பிரதி மத்யமம்தான் கல்யாணி ராகத்தின் உயிர். அவர்களுக்குப் பிசாசு, நமக்குக் கல்யாண மேடை!

அந்த முதல் இசைத்தட்டை ஒரே நாளில் பதிவு செய்தார்கள். 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. விமர்சகர்கள் திட்டினார்கள், மக்கள் வாங்கினார்கள். அதே ஆண்டில் வந்த 'பாரனாய்ட்' இங்கிலாந்தில் முதலிடம் பிடித்தது.

தமிழர் கைக்கும் இது வந்து சேர்ந்தது. 1992இல் சிங்கப்பூரில் 'ருத்ரா' என்ற குழு தொடங்கியது. தமிழ் வம்சாவளிப் பிள்ளைகள். பாடி, பேஸ் கிடாரும் வாசிப்பவர் கதிர். உபநிடதமும் கீதையும்தான் பாட்டுக்குப் பொருள். 2003இல் ஒரு தொகுப்புக்கு 'குருக்ஷேத்ரா' என்றே பெயர் வைத்தார்கள். இந்த வகைக்கு 'வேதிக் மெட்டல்' என்ற பெயர் உண்டானது. கோயிலில் கேட்கிற சுலோகத்தை இந்தச் சத்தத்தில் கேட்டால் நம்மில் பலருக்கு முதலில் கோபம் வரும். எனக்கு இரண்டாம் தடவை கேட்டபோது வரவில்லை.

2025 ஜூலை 5 அன்று பர்மிங்காம் வில்லா பார்க் மைதானத்தில் பிளாக் சாபத்தின் பழைய நால்வரும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகு ஒன்றாக மேடையேறினார்கள். பார்க்கின்சன் நோயால் நிற்க முடியாத ஓஸி ஆசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். 77 வயது அயோமி நின்றுகொண்டே வாசித்தார். பதினேழு நாள் கழித்து, ஜூலை 22இல் ஓஸி காலமானார்.