அம்மாவின் தலையணையும் தம்பி மகனின் செல்போனும்

போன மாதம் பெங்களூரிலிருந்து தம்பி மகன் வந்திருந்தான். நடுவட்டம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது செல்போனை நீட்டி, "பெரியப்பா, என் பிட்காயின் இப்ப எவ்வளவுக்குப் போகுது பாருங்க" என்று தொகையைச் சத்தமாகவே சொன்னான். கூடலூர் பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு டீ இறங்கவில்லை.

நாங்கள் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் எங்களைக் கப்பலேற்றியது. அம்மா தன்னிடமிருந்த இரண்டு பவுனைத் தலையணைப் பஞ்சுக்குள் வைத்துத் தைத்துவிட்டாள். மண்டபம் முகாமுக்கு வந்த பிறகுதான் அது அப்பாவுக்கே தெரியும். "தெரிஞ்சா உங்க முகமே காட்டிக் கொடுத்திருக்கும்" என்றாளாம்.

பிறகு வங்கி வந்தது, லாக்கர் வந்தது. பணத்துக்கும் திருடனுக்கும் நடுவே கையெழுத்து, மேனேஜர், போலீஸ் என்று ஆட்கள் நின்றார்கள். நாமும் தலையணையை மறந்தோம்.

2009 ஜனவரியில் பிட்காயின் தொடங்கியபோது அந்த நடு ஆட்கள் இல்லாமல் போனார்கள். அதுதான் அதன் பெருமை. பணத்தைத் தானே வைத்திருப்பவருக்குச் சாவி என்பது பெரும்பாலும் 12 அல்லது 24 சொற்கள். அவை தெரிந்தவர் எங்கிருந்தும் எடுக்கலாம். போனதைத் திருப்பித் தரச் சொல்ல ஒரு கவுன்ட்டர் கிடையாது. ஆகவே கம்ப்யூட்டரை உடைக்கத் தெரியாதவனுக்கும் ஒரு வழி உண்டு: ஆளைத் தூக்கினால் போதும்.

நம் நாட்டிலேயே நடந்தது. 2018 பிப்ரவரியில் சூரத் கட்டடத் தொழிலதிபர் ஒருவரைக் கடத்தி, 200 பிட்காயின் கேட்டு மிரட்டினார்கள். கடத்தியவர்கள் யார்? அம்ரேலி மாவட்டப் போலீசார்! 2025 ஆகஸ்டில் அகமதாபாத் சிறப்பு நீதிமன்றம் 14 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அவர்களில் அன்றைய எஸ்.பி. ஜெகதீஷ் படேலும் முன்னாள் எம்.எல்.ஏ. நளின் கோடாடியாவும் உண்டு. கடத்தப்பட்டவர் மீதும், பிட்கனெக்ட் என்ற திட்டத்தில் போட்ட பணத்தை மீட்க வேறு ஆட்களைக் கடத்தி கிரிப்டோ பறித்ததாகக் குற்றச்சாட்டு உண்டு. அவரிடம் காயின் இருக்கிறது என்று வெளியே தெரிந்ததே எல்லாவற்றுக்கும் தொடக்கம்.

பிரான்சில், சாவியைப் பத்திரப்படுத்தும் கருவி செய்யும் லெட்ஜர் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான டேவிட் பாலாண்டை 2025 ஜனவரியில் கடத்தி, விரலை வெட்டினார்கள். அதே நிறுவனத்திடமிருந்து 2020-ல் வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் கசிந்து இணையத்தில் கிடந்தன. பூட்டு நல்ல பூட்டுதான். வாங்கியவர் வீடு எதுவென்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது.

இதையெல்லாம் வீட்டில் வைத்துச் சொன்னேன். தொகையை யாரிடமும் சொல்லாதே, அந்தச் சொற்களைப் போனில் போட்டோ எடுத்து வைக்காதே, எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்காதே, ஒருவன் கத்தியை நீட்டினால் காயினைக் கொடுத்து உயிரைக் காப்பாற்றிக்கொள் என்றேன். தலையாட்டினான். பாட்டியின் தலையணைக் கதையைத்தான் இரண்டாம் முறையும் கேட்டான்.

அவன் ஊருக்குப் போய் மூன்று வாரமாகிறது. டீக்கடையில் பெயர் தெரியாத ஒருவர் நேற்று என்னிடம் விசாரித்தார்: "அந்தக் காயின் தம்பி அடுத்து எப்பங்க வர்றாரு?"

தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தேன்.