எஸ்டேட்: பிரபுவின் பூங்காவிலிருந்து அம்பத்தூர் வரை

அம்பத்தூரில் ‘எஸ்டேட்’ என்றால் யாருக்கும் தேயிலை நினைவுக்கு வராது. லேத்தும் பிரஸ்ஸும் ஓடும் தொழிற்பேட்டைதான். ஆவடியில் அதே சொல், கனரக வாகனத் தொழிற்சாலை ஊழியர்கள் குடியிருக்கும் எச்.வி.எஃப். எஸ்டேட்டைக் குறிக்கும். அங்கே வேலை, இங்கே வீடு.

லத்தீன் ‘ஸ்டேட்டஸ்’ பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்தபோது ஒருவருடைய நிலையை, அந்தஸ்தைக் குறித்தது. அந்தஸ்தைத் தந்தது நிலம். நாளடைவில் நிலமே எஸ்டேட் ஆனது. அதில் உழைத்தவர்களுக்கு நிலக்கிழார் கட்டித்தந்தவை எஸ்டேட் காட்டேஜ்கள். டார்செட்டில் மில்டன் பிரபு, மாளிகையை ஒட்டியிருந்த பழைய ஊரை அகற்றிவிட்டு, 1780 வாக்கில் சற்றுத் தள்ளி மில்டன் ஆப்பாஸைக் கட்டினார். மண்சுவர், வேய்ந்த கூரை, தெருவின் இருபுறமும் ஒரே சாயலில் இரட்டை வீடுகள். பிரிஸ்டல் அருகே பிளேஸ் ஹேம்லெட்டில் ஜான் நாஷ் 1811 வாக்கில் வடிவமைத்த 9 வீடுகளோ ஒன்றைப்போல் ஒன்று இல்லை. ஓய்வுபெற்ற பணியாளர்களுக்கானவை அவை. அழகுதான், ஆனால் குடியிருப்பவரின் வசதியைவிடப் பார்ப்பவரின் கண்ணுக்கே அதிகம் உழைத்திருக்கிறார்கள்.

நம் பக்கம் இந்தச் சொல் முதலில் ஜமீனைப் பிடித்துக்கொண்டது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் பேசுவது ஜமீன்களையும் அவற்றின் குடியானவர்களையும்தான். 1948இன் ஒழிப்புச் சட்டம் அந்தப் பொருளுக்கு முடிவு கட்டியது. மலையில் அது தேயிலையோடு நிலைத்தது. துரைக்குப் பங்களா, தொழிலாளிக்கு லைன் வீடு. இலங்கை மலையகத்தில் லயம். காட்டேஜின் ஓவியக் கூரை கப்பலேறவில்லை.

தொழிற்சாலை எப்படி இந்தச் சொல்லுக்குள் வந்தது? மான்செஸ்டர் அருகே டி டிராஃபோர்ட் குடும்பத்தின் டிராஃபோர்ட் பூங்கா, மான்கள் மேய்ந்த எஸ்டேட். 1896இல் அதை எர்னஸ்ட் ஹூலி என்ற வணிகர் வாங்கினார். நிலம் தொழிற்சாலைகளுக்குப் போனது, எஸ்டேட் என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர்தான் 1958இல் கிண்டிக்கும் 1964இல் அம்பத்தூருக்கும் வந்தது.

ஆவடியில் சொல்லின் பழைய வாடை இன்னும் இருக்கிறது. டைப் 1, டைப் 2 என்று பதவிக்கேற்பக் குவார்ட்டர்ஸ். வீட்டைப் பார்த்தே அந்தஸ்தைச் சொல்லிவிடலாம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷெட் வந்த அளவுக்கு வீடு வரவில்லை. வெளியூரிலிருந்து வந்த தொழிலாளிகள் பாடி, மண்ணூர்பேட்டை, கொரட்டூர்ப் பக்கம் வாடகைக்கு இடம் தேடினார்கள். ஒரே கூரையின் கீழ் வரிசையாக ஒற்றை அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை. அதற்கும் பெயர் லைன் வீடு.