அடிச்சீட்டு

சீட்டுக்கட்டைக் கையில் எடுக்கும்போதே அடியில் இருக்கும் சீட்டை யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆர்ட்டின் ஏழு என்று வைத்துக்கொள்வோம். எதிரில் இருப்பவர் நடுவிலிருந்து ஒரு சீட்டை உருவி, பார்த்துவிட்டு, கட்டின் மேல் வைக்கிறார். வெட்டச் சொல்லுங்கள். கீழ்ப்பாதி மேல்பாதியின் மீது வந்து உட்காரும்போது, அவருடைய சீட்டுக்கு நேர் மேலே உங்கள் ஏழு இருக்கும். இன்னும் பத்து தடவை வெட்டட்டும், பரவாயில்லை. பிறகு மேலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுக்கொண்டே வாருங்கள். ஏழு வந்ததா? அடுத்தது அவருடையது.

இதுக்குப் பேர் கீ கார்டு. 1948இல் ஜீன் ஹ்யூகார்டும் ஃபிரெடெரிக் பிராவும் எழுதிய 'தி ராயல் ரோடு டு கார்டு மேஜிக்' புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது. நான் கற்றுக்கொண்டது அதிலிருந்துதான். கோட் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதன் கணக்கு உடனே பிடிபடும். கட்டு ஒரு வட்டம். வெட்டினால் வட்டம் சுழலுமே தவிர வரிசை கலையாது. எட்ஜ் கேஸ் ஒன்றே ஒன்றுதான். வெட்டு சரியாக அந்த இரண்டு சீட்டுக்கும் நடுவில் விழுந்தால் ஏழு கடைசியாக வரும், அவருடைய சீட்டு முதலாவதாகவே போயிருக்கும். இதை நான் நாலு பேர் முன்னால் அசிங்கப்பட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

கஷ்டம் அடிச்சீட்டைப் பார்ப்பதில்தான். முதல் ஒரு வாரம் பரீட்சை ஹாலில் பிட் வைத்திருக்கும் பையன் மாதிரிதான் பார்த்தேன். கட்டை மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்தும்போது, வேறு ஏதோ பேசிக்கொண்டே, அரை நொடியில் பார்த்துவிட வேண்டும். இதில் கைக்கு வேலையே இல்லை. முகத்துக்குத்தான் வேலை.

இதன் வேரைத் தேடிப் போனால் கொஞ்சமும் எதிர்பாராத ஓர் இடத்தில் போய் நிற்போம். 1584இல் லண்டனில் வெளிவந்த 'தி டிஸ்கவரி ஆஃப் விட்ச்கிராஃப்ட்'. எழுதியவர் ரெஜினால்ட் ஸ்காட், கென்ட் பகுதிக்காரர். அதற்குப் பத்து வருடம் முன்பு ஹாப்ஸ் கொடி வளர்ப்பது எப்படி என்று படம் போட்டு ஒரு விவசாயக் கையேடு எழுதியவர். அந்த ஆள் சூனியம் பற்றி எழுதினார் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. 1582இல் எஸெக்ஸில் செயின்ட் ஓஸித் என்ற ஊரில் சூனியக்காரிகள் என்று பல பெண்கள் மீது வழக்கு நடந்தது. அர்சுலா கெம்ப், எலிசபெத் பென்னட் என்ற இரண்டு பேரைத் தூக்கிலிட்டார்கள். அக்கம்பக்கத்துச் சண்டை, யாருக்கோ வந்த காய்ச்சல், செத்துப்போன மாடு, இவைதான் சாட்சியம்.

ஸ்காட் தன் புத்தகத்தில் வேதாகமம், சட்டம் என்று பக்கம் பக்கமாக வாதிட்டுக்கொண்டே வந்து, பதின்மூன்றாம் பாகத்தில் சட்டென்று செப்படி வித்தைக்கு இறங்கிவிடுகிறார். பந்து, காசு, சீட்டு, நாக்கில் குத்துகிற போலி ஊசி, தட்டில் வைத்த தலை பேசுவது எல்லாவற்றையும் படத்தோடு பிரித்துக் காட்டுகிறார். சீட்டு வித்தைக்கு அவர் சொல்லும் மூலாதாரம் இது: எவ்வளவு வேகமாகக் குலுக்கினாலும், ஒரு குறிப்பிட்ட சீட்டை எப்போதும் அடியிலோ, அங்கிருந்து நாலைந்து சீட்டு தள்ளித் தெரிந்த இடத்திலோ வைத்துக்கொள். இன்று நாம் பக்கத்துச் சீட்டை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை அப்படியே அவரிடம் இல்லை. ஆனால் விதை அங்கே இருக்கிறது. ஒன்று மட்டும் தெரிந்தால் போதும், பார்க்கிறவருக்கு எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். பிசாசு தேவையில்லை.

எனக்கு அவரிடம் ரொம்பப் பிடித்தது இன்னொன்று. இந்த ரகசியங்களை வைத்துத்தான் சில ஏழைகள் சாப்பிடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். அவர்கள் பிழைப்பில் மண்ணைப் போட வேண்டியிருக்கிறதே என்று எழுத்திலேயே வருத்தப்படுகிறார். லண்டனில் இருந்த ஜான் கோட்டரஸ் என்ற பிரெஞ்சுக்காரரின் கைவேலையை வாயாரப் புகழ்கிறார். அப்புறம் சொல்லியும்விடுகிறார்.

பலன்? உடனே ஒன்றும் நடக்கவில்லை. 1597இல் ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் 'டெமனாலஜி' எழுதி, முன்னுரையிலேயே ஸ்காட்டைப் பேர் சொல்லித் திட்டினார். 1603இல் அவரே இங்கிலாந்துக்கும் ராஜா. அடுத்த வருடம் சூனியச் சட்டம் இன்னும் கடுமையானது. வித்தைக்காரர்களுக்கோ ஸ்காட்டின் புத்தகம் பாடப்புத்தகமாகிவிட்டது. 1612இல் வந்த 'தி ஆர்ட் ஆஃப் ஜக்ளிங்' முக்கால்வாசி அவரிடமிருந்து எடுத்ததுதான்.

திருடனைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் செய்த சடங்குகளையும் ஸ்காட் எழுதியிருக்கிறார். சல்லடையும் கத்தரிக்கோலும் வைத்து ஒரு முறை, சங்கீதப் புத்தகத்தில் ஒரு சாவியைக் கட்டி இன்னொரு முறை. அதைப் படித்தபோது எனக்குப் பெரியம்மா வீடுதான் ஞாபகம் வந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது அங்கே ஒரு மோதிரம் காணாமல் போனது. மை போட்டுப் பார்ப்பவர் ஒருவரைக் கூட்டிவந்தார்கள். "வீட்டுக்குள்ள வந்துபோற பொம்பளை" என்றார் அவர். பாத்திரம் தேய்க்க வந்த அக்கா மறுநாளிலிருந்து வரவில்லை. மோதிரம் கிடைக்கவேயில்லை.

போன பொங்கலுக்குப் பெரியம்மாவிடம் இந்த வித்தையைச் செய்து காட்டினேன். அவர் எடுத்த கிளாவர் ராணியைத் திருப்பியதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தொலைஞ்சுபோனதக்கூட இப்படிச் சொல்ல முடியுமாடா?"

வித்தையின் ரகசியத்தைச் சொல்லக் கூடாது என்பது முதல் விதி. சொல்லிவிட்டேன். அடிச்சீட்டு, வெட்டு, பக்கத்துச் சீட்டு, எல்லாம்.

"அவ்ளோதானா?" என்றார். கொஞ்ச நேரம் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த மை போடுற ஆள் வந்தப்போ, காபி குடுக்கும்போது நான்தான் சொன்னேன். வேலைக்காரி மேலதான் சந்தேகம்னு."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பெரியம்மா சீட்டுகளை ஒன்றுசேர்த்து என் கையில் கொடுத்தார்.

"மறுபடி முதல்லேருந்து செய். மெதுவா."