வகுப்பறை நடத்தையும் ஆசிரியர் நலனும்: ஆய்வு வரலாற்றில் ஒரு திருப்பம் (1928–1989)

ஆய்வுச் சுருக்கம்

மாணவர் நடத்தை ஆசிரியரின் உள்ள நலத்தைப் பாதிக்கிறது என்பது இன்று பரவலாக ஏற்கப்பட்ட கருத்தாகும். எனினும், நெடுங்காலம் அந்நடத்தை பள்ளி ஒழுங்கைச் சார்ந்த சிக்கலாக மட்டுமே கருதப்பட்டது. இப்பார்வை மாறிய வரலாற்றை, அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் 1928 முதல் 1989 வரை வெளிவந்த முதன்மையான ஆய்வுகளின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: வகுப்பறை நடத்தை, ஆசிரியர் நலன், பணிச்சோர்வு, எல்டன் அறிக்கை, உடல்தண்டனை.

முன்னுரை

வகுப்பில் அமைதி நிலவினால் ஆசிரியர் திறமையானவர், கூச்சல் எழுந்தால் திறமையற்றவர் என்னும் அளவுகோல் பள்ளிகளில் நெடுங்காலமாக வழங்கிவருகிறது. இதன்படி, மாணவர் நடத்தையால் துன்புறும் ஆசிரியர் அதை வெளியே சொல்வது தம் திறமைக்குறைவைத் தாமே அறிவிப்பதாகிவிடும். அத்துன்பம் ஆய்வுப்பொருளானது எவ்வாறு, அதன் மூலகாரணமாக ஆய்வுகள் எதைக் கண்டன என்னும் இரு வினாக்களுக்கு இக்கட்டுரை விடை தேடுகிறது.

ஆசிரியரின் மதிப்பீடும் ஆசிரியரின் மனமும்

இத்துறையின் தொடக்கநிலை ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்கரான ஈ. கே. விக்மன் 1928இல் வெளியிட்டதாகும். வகுப்பின் ஒழுங்கைக் குலைக்கும் செயல்களையே ஆசிரியர்கள் கடுமையானவையாக மதிப்பிட்டனர். உளநல வல்லுநர்களோ ஒதுங்கியிருத்தல், அச்சம் போன்றவற்றையே பெரிதாகக் கருதினர். இதனால் ஆசிரியர்கள் குழந்தை உள்ளத்தை அறியாதவர்கள் என்ற முடிவு பரவியது. ஆனால், ஆசிரியர்களிடம் அப்போதைய இடையூற்றின் அளவும், வல்லுநர்களிடம் குழந்தையின் எதிர்கால நலனுக்கு நேரும் விளைவும் கேட்கப்பட்டன. வினாக்கள் வேறானமையால் விடைகளும் வேறாயின எனப் பின்வந்தோர் சுட்டினர். ஆசிரியரின் விடையை அவருடைய அறியாமைக்குச் சான்றாகக் கொண்ட அக்காலம், அதனுள் இருந்த அன்றாடத் துன்பத்தைக் காணவில்லை.

1932இல் வில்லர்ட் வாலர் தம் கற்பித்தலின் சமூகவியல் குறித்த நூலில், ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே விருப்ப முரண் இயல்பாகவே உள்ளது என்று வாதிட்டார். கற்பித்தல் தொழில் ஆசிரியரின் ஆளுமையை எவ்வாறு மாற்றுகிறது என்பதையும் அந்நூல் தனியே ஆராய்ந்தது. மாணவரை ஆசிரியர் உருவாக்குவதைப் பற்றியே பேசிவந்த கல்வியியலில், வகுப்பறை ஆசிரியரை என்ன செய்கிறது என்ற வினா இவ்வாறு இடம்பெற்றது.

கண்டிப்பிலிருந்து முன்காப்பிற்கு

ஜேக்கப் கூனின் 1970இல் வெளியிட்ட நூல் அடுத்த படிநிலையாகும். வகுப்புகளின் ஒளிப்பதிவுகளை ஆராய்ந்த அவர், தவறு நிகழ்ந்தபின் ஆசிரியர் கண்டிக்கும் முறைக்கும் வகுப்பின் ஒழுங்கிற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பைக் காணவில்லை. வகுப்பு முழுவதையும் கவனத்தில் வைத்திருத்தல், பாடத்தைத் தடையின்றி நகர்த்துதல் ஆகியவையே வேறுபாட்டை உண்டாக்கின. கண்டிப்பின் கடுமையே ஆசிரியர் திறன் என்னும் எண்ணத்தை இம்முடிவு தளர்த்தியது.

நலன் அளவிடப்பட்ட காலம்

பணிச்சோர்வு என்னும் கருத்தை ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974இல் விளக்கினார். உணர்வு வறட்சி, பிறரை மனிதராகக் கருதாத நிலை, சாதனையுணர்வுக் குறைவு என்னும் மூன்று கூறுகளில் அதனை அளக்கும் கருவியை கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் 1981இல் வெளியிட்டனர். இதற்கிடையே, 1978இல் கிரியாக்கு, சட்கிளிஃப் ஆகியோர் இங்கிலாந்தின் 16 பள்ளிகளைச் சேர்ந்த 257 ஆசிரியர்களை ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர் தம் பணியை மிகுந்த அழுத்தம் தருவதாகக் கூறினார். அழுத்தத்தின் மூலங்கள் நான்காக வகுக்கப்பட்டன: மாணவரின் தவறான நடத்தை, பணிச்சூழல் குறைபாடு, நேர நெருக்கடி, பள்ளியின் பொதுப்பண்பு. நடத்தை இவ்வாறு ஆசிரியர் நலன் சார்ந்த அளவுகோலுக்குள் வந்தது.

எல்டன் அறிக்கை

இங்கிலாந்தின் அரசுசார் பள்ளிகளில் உடல்தண்டனை 1987 ஆகஸ்டில் முடிவுக்கு வந்தது. ஆசிரியர்கள் தாக்கப்படுவதாகக் கவலை எழுந்த சூழலில், 1988இல் எல்டன் பிரபு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1989இல் வெளிவந்தது. குழுவிற்காக ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தினர் நடத்திய கணக்கெடுப்பில், இடைநிலைப் பள்ளி ஆசிரியர்களுள் 97 விழுக்காட்டினர் ஒரு வாரத்தில் மாணவர்கள் முறையின்றிப் பேசுவதை எதிர்கொண்டிருந்தனர். 53 விழுக்காட்டினர் அதை நாள்தோறும் எதிர்கொண்டனர். அதே வாரத்தில் உடல்வழித் தாக்குதலுக்கு ஆளானோர் 2 விழுக்காட்டிற்கும் குறைவே.

ஆசிரியரைத் தேய்ப்பது அரிதாக நிகழும் வன்முறையைவிட, இடைவிடாது தொடரும் சிறு இடையூறுகளே என்பது இதனால் தெளிவாயிற்று. ஆசிரியர்கள் தனித்தனி வகுப்பறைகளுக்குள் அடைபட்டு, சிக்கலைத் தம் தோல்வியாகக் கருதி மறைக்கும் மரபையும் அறிக்கை சுட்டியது. ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் குழுக்களைப் பரிந்துரைத்தது.

இந்தியச் சூழலுக்கான பொருத்தம்

இந்தியாவில் 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 17ஆம் பிரிவின்வழி உடல்தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்தது. குழந்தையின் மாண்பைக் காக்கும் இத்தடை இன்றியமையாதது. ஆனால், பிரம்பை விலக்குதல் ஒரு பணி. பிரம்பின்றி வகுப்பை நடத்தும் திறனையும் துணையையும் ஆசிரியருக்கு அளித்தல் மற்றொரு பணி. முதலாவதைச் சட்டம் செய்யும். இரண்டாவது பயிற்சி நிறுவனங்களும் பள்ளிகளும் செய்ய வேண்டியது. அது நிறைவேறாத இடத்தில், ‘இப்போது மாணவரைக் கண்டிக்க முடிவதில்லை’ என்னும் மனக்குறை எழுகிறது. அக்குறையைத் தண்டனை வேட்கையாக மட்டும் படிப்பது விக்மன் காலத்துப் பிழையை மீண்டும் செய்வதாகும்.

முடிவுரை

மாணவர் நடத்தை குறித்த ஆய்வு, ஆசிரியரை ஐயுற்ற நிலையிலிருந்து அவர் துன்பத்தை அளக்கும் நிலைக்கு வர அரை நூற்றாண்டு ஆயிற்று. மாணவர் நலனும் ஆசிரியர் நலனும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல என்பது இவ்வரலாற்றால் பெறப்படுகிறது. சிறு இடையூறுகளைத் தடுக்கும் கற்பித்தல் முறை இருவருக்கும் பயன் தருவது. தம் வகுப்பின் சிக்கலை ஆசிரியர் அச்சமின்றிச் சக ஆசிரியரிடம் கூறத்தக்க பள்ளிச்சூழலே அதற்குரிய முதல் தேவையாகும். தமிழகப் பள்ளிகளில் அத்தகைய சூழல் எந்த அளவிற்கு உள்ளது என்பது களஆய்வின்வழி விரிவாக ஆராயத்தக்கது.